இருபத்திரண்டு மீட்டர் ஓடை

மே 14

நண்பன் தாவெட்டியிடம் இரவல் வாங்கிய டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது எங்கள் வீட்டு ஆப்பிள் மரத்தில் இடித்துவிட்டேன். இன்னும் ஒரு மீட்டர் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். இருபத்தாறு வருடம் தம்பெரே நகரப் பேருந்தை ஓட்டியவன்! வலது கண் போய் நான்கு வருடம் ஆகிறது. விழித்திரை கழன்றது, ஒட்ட வைத்தார்கள், மறுபடி கழன்றது, அவ்வளவுதான். பேருந்து உரிமமும் அதோடு போயிற்று. இப்போது பணிமனையில் உட்கார்ந்து, எந்த வண்டிக்கு யார் என்று அட்டவணை போடுகிறேன்.

தாவெட்டி மரத்தைப் பார்த்தான், டிரெய்லரைப் பார்த்தான், திட்டவில்லை. அதுதான் உறுத்தியது. கிளம்பும்போது தன் கார் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஆகஸ்ட்ல வாத்து சுட வர்றியாடா, இல்மரி?" என்றான். நான்கு வருடமாக அதைக் கேட்காதவன்.

"எந்தக் கண்ணை வச்சு?"

"இருக்கிறதை வச்சுத்தான்."

ஹெல்கா சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். என் மனைவிக்குக் காது நன்றாகவே கேட்கும். ஜன்னலைச் சாத்தினாள்.

மே 15

அலமாரியைத் திறந்து துப்பாக்கியை எடுத்தேன். வலது தோளில் வைத்தால் எதிரே ஒன்றுமில்லை. இடது தோளில் வைத்தால் அது யாரோ ஒருவருடைய துப்பாக்கி.

ஜூன் 2

சுடுகளத்தில் இடது தோளில் வைத்து எந்திரம் வானில் வீசும் மண் தட்டுகள் இருபத்தைந்தைச் சுட்டேன். உடைந்தது நான்கு. பக்கத்தில் ஒரு பெண் பேசிக்கொண்டே பத்தொன்பது உடைத்தாள்.

ஆனால் ஒன்று கவனித்தேன். நேராக விலகிப் போகும் தட்டில் குறை கை வேகத்தில்தான் இருக்கிறது. அதைப் பழகிக்கொள்ளலாம். குறுக்கே போகும் தட்டில்தான் ஏமாறுகிறேன். அது பக்கத்திலா, தள்ளியா? எனக்குத் தெரியவே இல்லை. சின்னதாகத் தெரிகிறது, அவ்வளவுதான் தெரிகிறது.

ஒற்றைக் கண்காரன் தூரத்தை எப்படித்தான் அறிவது? கண் டாக்டரம்மா அன்றே சொன்னார்: பொருளின் அளவை வைத்து, எது எதை மறைக்கிறது என்பதை வைத்து, தலையை அசைத்துப் பார்த்து. பணிமனையில் இன்று தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி விளக்குக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அருகிலிருந்தவை ஓடின, தள்ளி நின்றவை நகரவே இல்லை. "கழுத்து வலியா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

ஜூன் 30

ஐந்து மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றோடு ஏரிக்குப் போனேன். கரையிலிருந்து இருபத்தைந்தில் ஒரு குச்சி, நாற்பதில் ஒன்று. பிறகு மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கொசு தின்றது.

பச்சைத்தலை வாத்து ஒன்று இருபத்தைந்தாம் குச்சியைக் கடந்தபோது அதன் கால் ஆரஞ்சாக இருப்பது தெரிந்தது. கண்ணும் தெரிந்தது, கறுப்பாக, என்னைப் பார்த்தபடி. நாற்பதில் காலும் இல்லை, கண்ணும் இல்லை, வெறும் வாத்து. இதை ஏன் முப்பது வருடம் நான் பார்க்கவே இல்லை? இரண்டு கண் இருந்ததாலா?

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் எழுதுகிறேன். ஹெல்கா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள்.

ஜூலை 8

கோபத்தோடு எழுதுகிறேன். நாளை படித்தால் வெட்கமாக இருக்கும்.

தாவெட்டியைப் பெருமையாகத்தான் ஏரிக்குக் கூட்டிப்போனேன். பில்க்குவும் வந்தது, அவனுடைய நாய். நான் படகில் போய் மரப் பொம்மை வாத்தை இங்கும் அங்கும் மிதக்கவிட்டேன். கரையில் நின்று அவன் தூரம் சொல்ல வேண்டும், பிறகு கயிறு போட்டு அளக்க வேண்டும். முதல் முறை "முப்பது" என்றான். நாற்பத்தேழு.

சிரித்தான். "கயிறு சுருங்கிப்போச்சுடா."

கயிறு சுருங்கினால் எண் கூடும்தான். சரி என்று டேப்பை வைத்து அளந்தேன். நாற்பத்தேழேகால். இரண்டாம் முறை "இருபத்தஞ்சு, சத்தியமா" என்றான். முப்பத்தெட்டு. மூன்றாம் முறை கேட்டபோது குனிந்து பில்க்குவின் காதைச் சொறிந்தான்.

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. "அப்ப இத்தனை வருஷமா நீ முப்பதுன்னு நெனச்சு சுட்டதெல்லாம்..." என்றேன். முழுசாகக்கூடச் சொல்லவில்லை.

"என்னடா? சொல்லு. சுட்டதெல்லாம் என்ன?"

"அவ்வளவு தூரத்துல ரவை சட்டுன்னு கொல்லாது. அடிபட்டுப் பறந்துபோய் எங்கயோ செத்திருக்கும். என்னோடதும்தான். நாணல்ல தேடித் தேடிக் கெடைக்காம வீட்டுக்குப் போவோமே, அதெல்லாம்."

அவன் முகம் சிவந்தது. "ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டான்! பஸ்ஸு போச்சு, இப்ப வாத்துக்கு டிரைவரா?"

பஸ்ஸை ஏன் இழுத்தான்? பஸ் எதுக்குடா நடுவுல? நான் என்ன அவன் வீட்டுக் கதையையா இழுத்தேன்? காரில் ஏறிப் போயே போய்விட்டான். பில்க்கு பின் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே போனது.

ஜூலை 9

வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாற்பத்தேழு நாற்பத்தேழுதான்.

ஜூலை 21

இன்று ஹெல்காவிடம் நேராகக் கேட்டேன், நான் வேட்டைக்குத் திரும்புவது பிடிக்கவில்லையா என்று. அவுரிநெல்லிப் பழம் ஆய்ந்துகொண்டிருந்தாள், நீலக் கை.

"நீ சுடுறதுல எனக்கு ஒண்ணுமில்ல. பாதி சுடுறதுதான் எனக்கு ஆகாது. கண் போறதுக்கு முந்தின வருஷம், நெனவிருக்கா? படித்துறைக்குக் கீழ ஒரு பெட்டை வாத்து ஒத்தை இறக்கையோட ஒரு வாரம் சுத்துச்சு. யார் சுட்டதுன்னு நான் உன்கிட்டக் கேட்டேனா?"

கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது என்னுடையது என்று இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது. இல்லை என்றும் தெரியாது.

ஆகவே யோசித்தேன்: தூரத்தைக் கண்ணால் அறிய முடியாதவன், தூரமே இல்லாத இடத்தில் அல்லவா நிற்க வேண்டும்? எங்கள் வேட்டைச் சங்கத்தார் எல்லோரும் நிற்கும் ஏரி முனை எனக்கு ஆகாது, அங்கே மூன்று பக்கமும் திறந்த தண்ணீர். ஏரியில் ஓடை வந்து சேரும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஆளுயர நாணல், நடுவே தண்ணீர். அளந்தேன். கரைக்குக் கரை இருபத்திரண்டு மீட்டர். அதற்குள் வந்தால் எதுவும் பக்கத்தில்தான், வராவிட்டால் தூரம் எனக்குத் தெரியாது, சுடவும் மாட்டேன்.

ஆனால் அங்கே வாத்து வருமா?

ஜூலை 28

வருகிறது! ஆறு நாள் வேலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். பெரியது குறைவு. கிளுவைதான், புறாவைவிடக் கொஞ்சமே பெரிய வாத்துகள், இரண்டும் மூன்றுமாக ஓடையை ஒட்டியே தாழப் பறந்து வருகின்றன. காற்று தெற்கிலிருந்து அடித்தால் அதிகம். ஏன் தெற்கு? தெரியவில்லை. மழை நாளில் ஒன்றுகூட இல்லை, அதுவும் ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 3

சங்கத்தில் யாருக்கு எந்த இடம் என்று எழுதுவது தாவெட்டி. இரண்டு வாரம் தள்ளிப் போட்டு இன்று போன் செய்தேன்.

"ஓடை வாயா? அங்க என்னடா வரும்? தவளை வரும்."

"கிளுவை வருது. எண்ணினேன்."

"எண்ணியிருப்ப" என்றான். "சரி, எழுதிக்கறேன்." நாயைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நாய் இல்லாமல் நாணலில் விழுந்ததை எடுக்க முடியாது. அப்படியானால் திறந்த தண்ணீரில் விழும்படி வருவதை மட்டும்தான் சுடுவது. ஒவ்வொரு நிபந்தனையாகச் சேர்த்துக்கொண்டே போகிறேன். கடைசியில் சுட ஏதாவது மிஞ்சுமா?

ஆகஸ்ட் 17

தட்டு, இருபத்தைந்துக்குப் பதினான்கு. நீர்நிலையில் ஈய ரவைக்கு இப்போது தடை. எஃகு ரவை சீக்கிரம் வேகம் இழக்கிறது. என் துப்பாக்கி அதைத் தாங்கும் என்று கடைக்காரர் பார்த்துச் சொன்னார். தூரத்தில் சுடாமலிருக்க இன்னுமொரு காரணம் கிடைத்தது.

ஆகஸ்ட் 20

நண்பகல் பன்னிரண்டுக்கு வேட்டைக் காலம் திறந்தது. பன்னிரண்டு அடித்து ஒரு நொடிகூட ஆகவில்லை, முனையில் படபடவென்று வெடி. வாத்தெல்லாம் வானத்துக்கு ஏறிவிட்டன. என் ஓடையில் ஒரு தும்பி.

ஒன்றரை மணிக்கு இரண்டு கிளுவை. நாணலின் மேலாகப் போயின. துப்பாக்கியைத் தூக்கினேன், இறக்கினேன். அரை மணி கழித்து இன்னொன்று, தண்ணீருக்கு நேர் மேலே, தாழ. சுட்டேன். விழுந்தது, அசையவில்லை. துடுப்புப் போட்டுப் போய் எடுத்தேன். இறகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமா? அது மட்டுமில்லை.

அப்போதுதான் முனைப் பக்கமிருந்து பச்சைத்தலை ஒன்று ஒரு பக்கம் சாய்ந்தபடி பறந்து வந்து என் பக்கத்து நாணலில் விழுந்தது. பின்னாலேயே தாவெட்டியும் பில்க்குவும், இடுப்பளவு சேற்றில். என்னைப் பார்த்ததும், "முப்பதுதான் இருந்துச்சு" என்றான், நான் கேட்காமலே.

நானும் படகிலிருந்து இறங்கி அவர்களோடு தேடினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. பில்க்கு கொண்டுவந்தபோது அதற்கு உயிர் இருந்தது. தாவெட்டி சட்டென்று கழுத்தை முறித்தான். பிறகு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் படகின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"இந்த ஓடை எத்தனை மீட்டர்?"

"இருபத்திரண்டு."

"அந்த பஸ் பேச்சு..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. முனைக்கும் திரும்பவில்லை. நான்கு மணி வரை அங்கேயே இருந்தான்.

ஆகஸ்ட் 21

கிளுவையை வெண்ணெயில் வறுத்து மஞ்சள் காளானோடு வைத்தாள் ஹெல்கா. இரண்டு பேருக்கு நான்கு வாய். "சுட்டதெல்லாம் வந்து சேர்ந்துதா?" என்று கேட்டாள். "ஒண்ணு சுட்டேன், ஒண்ணு வந்துது" என்றேன். எலும்பைக்கூட விடவில்லை அவள்.

செப்டம்பர் 14

தெற்குக் காற்று. ஓடை வாயில் நானும் தாவெட்டியும், நடுவே பில்க்கு. முறை வைத்துக்கொண்டோம், இது அவன் முறை.

ஏரிப் பக்கமிருந்து பச்சைத்தலை ஒன்று வந்தது, கொழுத்த ஆண். ஓடைக்குள் நுழையாமல் வாய்க்கு வெளியே, ஏரியின் மேல் குறுக்கே கடந்தது. அவன் துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. மடியிலேயே கிடந்தது. வாத்து அக்கரை நாணல் வரை போய் மறைந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. "பக்கத்துலதான் போன மாதிரி இருந்துச்சேடா" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றான் தாவெட்டி. "அதனாலதான் சுடல."