பிரஸ்ஸுக்குக் கற்பூரம்

என் அருமைச் சேது,

நீ போய் ஓராண்டு ஆகிறது. உன் நினைவு நாளன்று செம்பூரில் உன் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். டப்பா மூடி வெட்டும் பெரிய பிரஸ்ஸுக்கு நான் கற்பூரம் காட்ட வேண்டுமாம். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவளுக்கு அவர்கள் கண்டுபிடித்த மரியாதை அது.

அந்தப் பூஜையைத் தொடங்கியவனே நீதான். உன்னை மராமத்து எஞ்சினியர் என்று வேலைக்கு வைத்துக்கொண்டு, மராமத்துக்கு மட்டும் இயந்திரத்தை நிறுத்தித் தரமாட்டார்கள். பிரேக் தேய்ந்தால், மூடியை எடுக்க நீளும் கையின் மேல் இரும்பு இறங்கிவிடும் என்று நீ சொன்னாய். "உற்பத்தி என்னாறது?" என்று கேட்டாராம் மேனேஜர். அதே மனிதர் ஆயுத பூஜைக்கு ஆலை முழுவதையும் நிறுத்திவிட்டுப் பட்டு வேட்டியில் சுண்டல் வழங்கினார்.

அதைப் பார்த்துத்தான், மாதத்தின் முதல் வெள்ளியில் பிரஸ்ஸுக்குத் தனிப் பூஜை என்று ஒன்றை நீ இட்டுக்கட்டினாய். மறுபேச்சில்லாமல் நிறுத்தினார்கள். கற்பூரம் அணைந்ததும் நீ பிரேக்கைத் திறந்து பார்த்துவிடுவாய்.

மாதுங்கா வீட்டில் காபி குடித்துக்கொண்டே இதை நீ சிரித்துச் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அசடுகள்கிட்டே அசட்டுத்தனம் பேசி வேலை வாங்கறது ஒரு சாமர்த்தியமா?" என்றேன்.

"கை பொழைச்சுதா இல்லையா, அதைச் சொல்லு அக்கா" என்றாய். உனக்குக் கோபமே வராதா?

பூஜை இப்போதும் நடக்கிறது. ரோஜா மாலை, ஊதுபத்தி, தூணில் உன் படம். பிரேக்கை மட்டும் யாரும் திறப்பதில்லை. உன் இடத்துக்கு வந்திருக்கும் பட்டதாரி, பிரஸ்ஸின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

தாராவியிலிருந்து வரும் உன் ஃபிட்டர் சுடலைமுத்து என் பக்கத்தில் நின்றார். "ஐயா இருக்கையில தேங்கா ஒடச்சதும் ஸ்பானர எடுப்பாவ. இப்பம் நாங்க தேங்காச் சில்ல மட்டும் எடுக்கோம்."

"நீங்க சொல்லப்படாதா?"

"சொன்னேம்மா. சாமி காரியத்துல நட்டு போல்ட்டு பேசாதேன்னுட்டாவ. பிரஸ்ல நிக்கது எம் மச்சினன்."

மேனேஜர் தட்டை நீட்டினார். "ஏத்துங்கோ மாமி. சேது மனசு குளிரும்."

தட்டை நான் வாங்கவில்லை. "மொதல்ல பிரேக் மூடியைத் திறந்து பார்க்கணும். அப்புறந்தான் கற்பூரம். எங்காத்து வழக்கம் அதுதான். திறக்காம காட்டினா தோஷம்."

"யாருக்கு?"

"ஓட்டச் சொல்றவாளுக்கு."

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. உற்பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுடலைமுத்து பிரேக் மூடியைக் கழற்றினார். பிரேக் பட்டை, ஆணித்தலை தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. "நல்ல வேளை, தெய்வக்குத்தம் ஆகியிருக்கும்" என்று முணுமுணுத்தார் மேனேஜர். பட்டதாரியும் தலையாட்டினார். கை போயிருக்கும் என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

இவர்களிடம் நீ எப்படி இத்தனை காலம் பல்லைக் கடிக்காமல் இருந்தாய்?

மேனேஜர் பத்திரிகையில் ராசிபலனைத் தாண்டிப் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதைப் பத்திரிகையிலேயே ஊரறிய எழுதுகிறேன். புதுப் பட்டை போடும்வரை பிரஸ்ஸை ஓட்டினால் தோஷம் இரட்டிப்பாகும் என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இனி முதல் வெள்ளிதோறும் போவேன். உன்னைப் போல் சிரித்த முகத்தோடு அல்ல. அது என்னால் ஆகாது. அவர்களை ஒருநாளும் மதிக்கவும் மாட்டேன். ஆனால் சுடலைமுத்துவின் மச்சினன் அந்தப் பிரஸ்ஸில் நிற்கும்வரை, நம் வீட்டில் இல்லாத வழக்கங்களையெல்லாம் வாய் கூசாமல் சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
அக்கா