சித்தப்பா இறைத்த நீச்சல் குளம்

தோர்ண்டன் ஹீத்,
லண்டன்.
12.02.1995

என் அன்பு மகள் சந்திரவதனாவுக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் சித்தியும் குளிரைத் திட்டித் திட்டியே சுகமாக இருக்கிறோம், மெல்பேர்ண் வெயிலைத் திட்டிக்கொண்டு நீயும் மருமகனும் பிள்ளைகளும் அப்படியே இருக்க நல்லூரான் துணை. நீச்சல் குளம் உள்ள வீடு பார்த்திருக்கிறீர்களாம், வருகிற மாதம் கையெழுத்து வைக்கப் போகிறீர்களாம், அண்ணை போனில் சொல்லிப் பெருமைப்பட்டார். பேனையைத் தொட முதல் இதை வாசி. இந்தப் பூமியில் ஒருத்தரும் நம்பாத ஒரு கதையை, வலது கையை நெஞ்சில் வைத்து, உனக்குச் சொல்லப் போகிறேன்.

நாங்கள் இந்த வீட்டை வாங்கியதே பின்வளவில் நிலத்துக்குள் தாட்ட நீச்சல் குளம் இருந்தபடியால்தான். குளத்தோடு வீடு வாங்கிய முதல் தமிழன் என்று லண்டனின் பார்க்கிங் ஊரிலிருந்து பாரிஸ் வரை நானே அறிவித்தேன். அரண்மனையிலிருந்து ஒருத்தர் வந்து வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போனார் என்றால் பாரேன். ஆனால் அந்தக் குளம் தண்ணீரைவிடக் கரண்டைத்தான் கூடக் குடித்தது. பம்புக்கு ஒரு செலவு, குளோரினுக்கு ஒரு செலவு, மேலே போர்க்கிற படங்குக்கு ஒரு செலவு. லண்டனில் நீந்தக்கூடிய வெயில் வருசத்தில் ஓரிரு நாள்தான் வரும், அந்த நாளிலும் எனக்கு ஷிப்ட். வீட்டுக் காப்புறுதிக்காரன் குளம் என்ற சொல்லைக் கேட்டதுமே கட்டணத்தைக் கூட்டினான். அயல் பிள்ளை தவறி விழுந்தால் பொறுப்பு உங்கள் தலையில், உயர வேலி போடுங்கள் என்றான். தீ, புயல், மழைவெள்ளம், களவு என்றால் கம்பனி பார்க்கும், வீட்டுக்காரர் தானாகச் செய்யும் சேதத்துக்குப் பார்க்காது என்றும் சொன்னான். “குளத்தை ஆரப்பா களவெடுக்கப் போறான்?” என்று சித்தி கேட்ட சிரிப்பில் கடைசிச் சொல்லை நான் கவனிக்கவில்லை.

போன நவம்பரில் தண்ணீர் பச்சையாகிப் போனது. சித்தியின் தம்பி சிவானந்தன், அதுதான் இல்ஃபோர்ட்டில் கலியாண வீடியோ எடுக்கிற உன் மாமா, மூக்கைப் பொத்திக்கொண்டு, “அத்தான், இறைக்காத கிணறு மாதிரி நாறுது. ஒருக்கா இறைச்சுக் கழுவி விட்டாச் சரி” என்றான். எங்கள் சனத்துக்கு நிலத்தில் தண்ணீர் நிற்கிற பள்ளமெல்லாம் கிணறுதானே. கிழமைக்கணக்காக ஊற்றிய மழை விட்ட ஒரு சனிக்கிழமை, அரை யாழ்ப்பாணமே பம்பும் வாளியும் வீடியோக் கமராவுமாக வந்து இறங்கியது. அடுப்பில் ஆட்டிறைச்சி. மத்தியானத்துக்குள் குளம் காலி. அது நிலத்தில் தாட்ட பெரிய பிளாஸ்ரிக் தொட்டி, சுற்றி மண்ணுக்குள் மழைவெள்ளம் நிறைந்திருக்கும்போது உள்ளே உள்ள தண்ணீரின் பாரம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. சாப்பிட இருக்கிறோம், பக்கத்து வீட்டு டொலறஸ் அக்கா மேல் ஜன்னலைத் திறந்து, “தம்பி, ஓடியாங்கோ, உங்கட குளம் எழும்புது!” என்று கத்துகிறா. எழும்பியது, மகள்! கூரை மட்டத்துக்கு எழும்பி, வடம் பிடித்த தேர்போல ஆடி, குரொய்டன் பக்கம் முகத்தைத் திருப்பியது. கட்விக்குக்குப் போன விமானம் ஒன்று மரியாதையாக ஒதுங்கிப் போனது. சித்தி தேங்காய் உடைக்க ஓடினா.

குழாயெல்லாம் முறிந்து, சுற்றிப் பதித்த கல் பெயர்ந்து, வேலியும் சரிந்துவிட்டது. திருத்தாவிட்டால் காப்புறுதியைப் புதுப்பிக்கமாட்டோம் என்றது கம்பனி, காப்புறுதி இல்லாவிட்டால் வீட்டுக்கடனைத் திருப்பிக் கேட்போம் என்றது வங்கி. அதாவது வீடே போகும். திருத்துகிற செலவைக் கம்பனியிடமே வாங்குவோம் என்று நான் எல்லாரையும் கூப்பிட்டு, மழை தூக்கினது என்று மட்டும் சொல்லுங்கோ, அது பொய்யுமில்லை என்று பாடம் சொல்லி வைத்தேன். கம்பனியிலிருந்து பார்வையிட வந்த வெள்ளைக்காரப் பெடியன் தலையை ஆட்டி எழுதிக்கொண்டே வந்தான். வெற்றி கையில். அப்போது சித்தி தேத்தண்ணியும் றோல்ஸும் வைத்து, வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் போடுவதுபோல அவனுக்கும் வீடியோக் கசற்றைப் போட்டுவிட்டா. சிவானந்தனின் கைவண்ணம்! தொடக்கத்தில் பூப்பூவாய் எழுத்து, பின்னால் நாதஸ்வரம், நடுவில் உன் சித்தப்பா நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, “இழு, இழு, ஒரு சொட்டும் மிஞ்சக்கூடாது!” என்று படைநடத்துகிறேன். பெடியன் கடைசிவரை பார்த்தான், என் கட்டத்தை மட்டும் திரும்பப் போடச் சொன்னான், மூன்றாவது றோலையும் முடித்துக் கைலேஞ்சியால் வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனான். “பாவம், என்ன ஆசையாப் பாத்தவர்” என்று சித்தி சொன்னா. இழப்பீடு இல்லை என்று பதில் வந்தது. காரை விற்று, குளத்தை உடைத்து எடுத்து, மண் நிரப்பித்தான் வீட்டைக் காப்பாற்றினோம். இப்போது பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன்.

ஆகையால் மகள், குளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குளத்தின் பெயர் சொல்லிக் காப்புறுதி எடு, எதற்குத் தரமாட்டார்கள் என்பதை முதலில் கேள், வேலிக்குப் பூட்டுப் போடு, மருமகன் வாளியைத் தூக்கினால் உடனே பறி. பிள்ளைகள் நீச்சல் பழகட்டும், உங்கள் வாசலில் எந்நாளும் நல்லதே நடக்கட்டும். சித்தியின் முத்தங்கள். மாசிக் கருவாடு அனுப்ப மறவாதே.

என்றும் உன் நலம் நாடும்
சித்தப்பா பாலேந்திரா

பி.கு.: அரண்மனைக்காரர், தேர், விமானம் எல்லாம் என் சொந்தச் சரக்கு. குளம் ஒரு முழம் எழும்பியது மட்டும் உண்மை. வீடு போவதற்கு அந்த ஒரு முழமே போதும், மகள்.