தம்பி கேட்ட குழாய்

9, திங்கள்

காலையிலிருந்து தூறல். கம்ப்ரசர் பெல்ட் மாற்ற வேண்டும். நிட்டிங் மெஷின் உதிரிப் பாகம் 40, பொங்கலூர் கம்பெனிக்கு, வியாழனுக்குள். பாப்பாவுக்கு ஷூ.

தம்பி செந்தில் வந்தான். கொமரலிங்கத்திலிருந்து பைக்கிலேயே, நனைந்தபடி. அம்மா நன்றாக இருக்கிறாராம். ஒரு சாக்கு இளநீர். கூடவே படம் வரைந்த ஒரு காகிதம்: இரும்புக் குழாய், முனையில் மாட்ட மூன்று அளவில் மூன்று வளையம். தோட்டத்து ஆயில் இஞ்சினுக்கு சைலன்சர் என்றான்.

"பெருசுக்கு அளவு வெச்சுருங்க்கா. வளையத்த மாத்திக்கிட்டா சின்னது ரெண்டுக்கும் அதே ஆவும்."

அப்பா விட்டுப்போன லேத் பட்டறை. அவனுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது? லேத் ஓட்டும் ஜெபராஜிடம் கொடுத்துவிட்டேன்.

10, செவ்வாய்

உதிரி 22 முடிந்தது. பெல்ட் மாற்றவில்லை.

பதினோரு மணிக்கு ஜெபராஜ் மெஷினை நிறுத்திவிட்டு, பாதி கடைந்த குழாயோடு வந்தார். திருச்செந்தூர் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் பதினேழு வருடம், இங்கே ஐந்து. அதிகம் பேச மாட்டார்.

"அக்கா, இத நான் செய்ய மாட்டேன்."

"ஏன், அளவு தப்பா?"

"அளவு சரியாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு. இது இஞ்சினுக்கு இல்லக்கா. துப்பாக்கி முனையில மாட்டுறது. சுட்டா சத்தம் அமுங்கிரும். பட்டாளத்துல பாத்திருக்கேன்."

மூன்று வளையம் எதற்கு என்று கேட்டேன்.

"மூணு துப்பாக்கிக்கு. பெரிய குண்டு போற ஓட்டையில சின்னதும் போயிரும்லா. சின்னதுக்குச் சத்தம் கொஞ்சம் கூடக் கேக்கும், அவ்வளவுதான். நம்ம இத வச்சிருக்கவே கூடாது. செய்யவும் கூடாது, பாத்துக்கிடுங்க."

சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

மதியம் செந்திலுக்கு போன். இல்லை என்று சொல்வான் என நினைத்தேன். சொல்லவில்லை.

"பன்னிக்குங்க்கா. சோளக்காடு பூராம் நாசம்."

"பன்னிக்கு எதுக்குடா மூணு துப்பாக்கி?"

"என்னுது ஒண்ணு. சிநேகிதங்களுது ரெண்டு."

அவனிடம் துப்பாக்கி இருப்பதே எனக்குத் தெரியாது. லைசென்ஸ் இருக்கிறதா என்றேன். அவன் பேச்சை மாற்றினான்: "மூணு செஞ்சா மூணு எடத்துல கெடக்கும். ஒண்ணுன்னா எங்கிட்ட மட்டும் இருக்கும். அதுக்குத்தானுங்க்கா."

எவ்வளவு யோசித்திருக்கிறான். என் தம்பியா இது?

11, புதன்

வெயில். அவனே நேரில் வந்தான். முடியாது என்றேன்.

"போன வருசம் மட்டும் செஞ்சு குடுத்தீங்க?"

"என்ன போன வருசம்?"

"மருந்தடிக்கிற பம்புக்குன்னு ஒரு கொழாய் வாங்கீட்டுப் போனனே. அது சின்னதுக்கு மட்டுந்தான் ஆச்சு. பெருசுக்கு ஓட்டை பத்தல."

ஜெபராஜ் லீவில் போயிருந்த வாரம். என் கையாலேயே. மெருகு வேறு போட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்று நானே சொன்னேன்.

கத்தினேன். ஆள் மேல் பட்டிருந்தால் என்னடா செய்திருப்பாய் என்று.

அவன் முகம் வெளுத்தது. "மயில்சாமி விசயம் உங்களுக்கு ஆரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. இப்போது இவன்தான் சொன்னான்.

மயில்சாமி அவன் தோட்டத்தில் வேலை செய்தவர். தை மாதம் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மோட்டார் விசிறியின் ரெக்கை வெட்டியது என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேனே!

காகிதத்தையும் பாதிக் குழாயையும் கேட்டான். ஜெபராஜ் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். செந்தில் வெறுங்கையோடு போனான்.

12, வியாழன்

உதிரி அனுப்பவில்லை. உடுமலை பஸ். அங்கிருந்து கொமரலிங்கம். அம்மா இருக்கும் தெரு வழியாகப் போகவில்லை.

மயில்சாமி கட்டிலில் இருந்தார். "மோட்டார் ரெக்கைங்க அம்மணி." என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் மனைவி பொன்னாத்தாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் எத்தன நாளைக்கு அவங்க சொல்லிக்குடுத்ததையே சொல்லுவ?"

மயில்சாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார். "வாய்க்காலுக்கு அந்தாண்ட தண்ணி கட்டீட்டு இருந்தனுங்க. சத்தமே கேக்குலீங்க. மொத குண்டு வேற எங்கியோ போயிருக்குது. அது கேட்டிருந்தா ஆளு இருக்குதுன்னு கூப்பாடு போட்டிருப்பனுங்க. ரெண்டாவதுல காலு மடங்கீருச்சு. கல்லு தடுக்குச்சுன்னு நெனச்சனுங்க."

அந்தச் சத்தம் ஏன் கேட்கவில்லை என்று நான் சொன்னேன். செய்தது நான் என்று சொன்னேன்.

பொன்னாத்தாள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இருட்டிய பிறகு வீடு வந்தேன்.

13, வெள்ளி

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "தம்பி கூட நீயும் உள்ள போவ. யோசிச்சுக்க," என்றார். யோசித்தேன். யோசிக்கும்போதெல்லாம் வாய்க்கால்தான் வந்தது.

ஜெபராஜ்: "நானும் வாரேன்க்கா."

ஸ்டேஷன். காகிதம், பாதிக் குழாய் இரண்டையும் மேஜை மேல் வைத்தேன். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.

"போன வருசம் செஞ்சது ஆருங்க?"

"நானுங்க."

"தெரியாம செஞ்சீங்களா?"

"தெரியாமத்தானுங்க. ஒருத்தருக்குக் காலு போச்சு. அதையும் எழுதிக்குங்க."

அவர் எழுதினார். அத்தனை நேரமும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

14, சனி

காலையிலேயே செந்திலைக் கூட்டிப் போய்விட்டார்கள். அவன் தோட்டத்தில் மூன்று துப்பாக்கியும், வைக்கோல் போரில் அந்தப் பழைய குழாயும் கிடைத்ததாம். சிநேகிதர்கள் இரண்டு பேரையும் தேடுகிறார்கள். பட்டறைக்கு சீல். முடித்த உதிரியும் உள்ளே. திங்கட்கிழமை நான் மறுபடி ஸ்டேஷன் போக வேண்டும்.

அம்மா போன். எடுக்கவில்லை. மறுபடி அம்மா. எடுத்தேன்.

"கண்ணு, ஸ்டேசன்ல போயிச் சொன்னது நீதானா?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம்மா என்றேன்.