பச்சை விழாத பெயர்கள்

2005 ஓகஸ்ட் 9

சுனாமி வீட்டுத்திட்டப் பட்டியல் ஒருவழியாக முடிந்தது. 412 குடும்பங்கள். ‘வீடு முழுச்சேதம்’ என்ற நிரலில் ‘ஆம்’ இருந்தால் பெயர் தானாகப் பச்சையாகும்படி கணினியில் சூத்திரம் போட்டிருந்தேன். பச்சைப் பெயர்க்காரர் 22ஆம் திகதிக்குள் அலுவலகம் வந்து கையொப்பமிட வேண்டும். பள்ளிவாசல் சுவருக்குத் தமிழிலும் வேண்டுமென்றார் எங்கள் அலுவலகப் பொறுப்பாளர் குணம் சேர். ஆங்கிலப் பெயர்களின் நிரலை அப்படியே பக்கத்து நிரலில் பிரதிசெய்து, அதன்மேல் தமிழில் அடித்தேன். கண் எரிகிறது. எட்டு மாதமாகப் பெயர்கள், பெயர்கள்.

ஓகஸ்ட் 11

பட்டியல் ஒட்டியாயிற்று. எங்கள் பெயரும் பச்சை. உம்மா அழுதா.

ஓகஸ்ட் 14

ஞாயிறு. களைப்பில் படுத்தே கிடந்தேன்.

ஓகஸ்ட் 17

காலையில் முகாமில் பக்கத்துக் கூடாரத்து ஹவ்வா உம்மா சாமான் கட்டிக்கொண்டிருந்தா. அவவின் வீட்டில் அத்திவாரம்கூட மிஞ்சவில்லை.

“எங்க போறீங்க?”

“நிந்தவூருக்கு, மகள்ட ஊட்ட. நமக்கு ஊடு இல்லயாம் புள்ள. பேரு வெள்ளயாத்தான் இரிக்காம்.”

“கேட்டிருக்கலாமே?”

“யாருக்கிட்டக் கேக்கிற? கொம்பியூட்டர் சொன்னதாம்.”

கோபமே இல்லாமல் சொன்னா. அதுதான் தாங்க முடியவில்லை.

அலுவலகம் போய்ப் பார்த்தேன். ஆங்கில நிரலில் அவ பச்சை, தமிழ் நிரலில் வெள்ளை. ஒரே மனுசிதானே, எப்படி? பெயர்கள் ஒரு நிரல் தள்ளிப் போனபோது சூத்திரமும் ஒரு நிரல் தள்ளிப் பார்த்திருக்கிறது. சேதத்தைப் பார்க்காமல் அடுத்திருந்த ‘காணி உறுதிப் பத்திரம் கைவசம்’ என்ற நிரலைப் பார்த்திருக்கிறது. வீட்டோடு உறுதியையும் கடலில் விட்ட இருபத்தாறு குடும்பமும் வெள்ளை. உறுதி இருந்ததால், வீடு நிற்கிற ஒன்பது பேர் பச்சை. சூத்திரத்தில் நிரல் எழுத்துக்கு முன்னால், அதை அசையாமல் பூட்டும் ஒரு டொலர்க் குறி போட்டிருந்தால் நகர்ந்திருக்காது.

ஏன் கவனிக்கவில்லை? எங்கட உறுதி பெரியப்பாட ஊட்ட இருந்த. எங்கட பேர் ரெண்டு பக்கமும் பச்சை. நான் வேற பேர் ஒண்டும் பாக்கல்ல. பாக்கவேயில்ல.

ஓகஸ்ட் 18

‘தொழில்நுட்பத் தவறு’ என்று எழுதி ஒட்டுவோம் என்றார் குணம் சேர். ஒட்டினால் யார் திரும்பி வந்து வாசிப்பது? நாளை ஜும்ஆத் தொழுகையில் அறிவிக்கக் கேட்டுப் பள்ளிவாசல் தலைவர் முகைதீன்பாவா மாமாவிடம் புதிய பட்டியலைக் கொடுத்தேன். அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. அவருக்குச் சுவர் நிற்கிறது, கூரை மட்டுந்தான் போனது.

“அப்ப எனக்கு இல்லயா மகள்?”

“இல்ல மாமா. பிழை என்னில.”

தாளை மடித்தார்.

“பிழை யாருட எண்டு சொல்ற?”

“என்ட பேரச் சொல்லுங்க.”

ஓகஸ்ட் 19, வெள்ளி

பள்ளிவாசல் ஒலிபெருக்கியை முகாமிலிருந்து கேட்டேன். இருபத்தாறு பெயர்கள். என் பெயர். பிறகு நீக்கப்படும் ஒன்பது. முதலாவதாகத் தன் பெயரை வாசித்தார்.

ஓகஸ்ட் 22

இருபத்தைந்து குடும்பம் வந்தது. ஜும்ஆவில் கேட்டவர்கள் சொல்லியனுப்ப, ஹவ்வா உம்மா நிந்தவூர் பஸ்ஸில் வந்து பெருவிரல் வைத்தா. பக்கீர் குடும்பம் புத்தளம் போய்விட்டது; தகவல் இல்லை. ஒரு வாரத் தவணை கேட்டு வாங்கினேன்.

பூட்டும் நேரம் முகைதீன்பாவா மாமா வந்தார். கூரைத் தகட்டுக்கு விண்ணப்பம் கேட்டார். கையாலேயே நிரப்பி நீட்டினேன்.

“ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க மகள்” என்றார்.

முதல் எழுத்திலிருந்து வாசித்தேன்.