தட்டாத கை

மே 3

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜூடோ முகாமில் உன் போனைப் பிடுங்கி வைத்ததில் எனக்கு ஒரு லாபம். நீ குறுக்கே பேச முடியாது.

போன ஒலிம்பிக் இறுதியில் அந்தப் பெண் உன் வலது கையை மடக்கினாளே, பாயில் இரண்டு தட்டுத் தட்டியிருந்தால் விட்டிருப்பாள். ஆட்டம் தோல்வி, அவ்வளவுதான். நீ தட்டவில்லை. பிய்த்துக்கொண்டு எழுந்து தங்கம் வாங்கினாய். ஊரே கொண்டாடியது. ஆறு மாதம் உனக்குத் தலை பின்னிவிட்டது நான்.

எலும்பு டாக்டர் போன வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு தடவை அந்த முழங்கை பிசகினா, அப்புறம் மடக்கவே முடியாதும்மா" என்றார். இந்த முறை கை மாட்டினால் தட்டிவிடு. தோற்றுப் போ. வாக்குக் கொடு.

உன் மகள்

மே 19

என் செல்லக் கிழவிக்கு,

பத்தொன்பது வயதில் என்ன அதிகாரம்! நான் நலம். காலையில் நான் பத்துப் பேரைத் தூக்கிப் போடுகிறேன், மாலையில் அவர்கள் என்னைப் போடுகிறார்கள். அரைக் கிலோ கூடிவிட்டேன் என்று கோச் என் சாப்பாட்டையே முறைக்கிறார்.

கண்ணு, இருபது வருடப் போட்டியில் நான் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. பாயில் இறங்கிவிட்டால் யார் சொல்வதும் காதில் ஏறாது. வாக்குக் கொடுத்து மீறினால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அதனால் கொடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

ஜூன் 2

அம்மா,

கோபம்தான். நீ ஆடுவதை டீவியில் பார்க்க மாட்டேன். நூலகத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஜெயித்தாலும் தோற்றாலும் முழுசாக வா.

கிழவி

ஜூலை 28

கண்ணு,

நீ பார்க்கவில்லை அல்லவா, அதனால் நானே எழுதுகிறேன். இரண்டாவது சுற்று. நான்தான் முன்னிலை, இருபது விநாடி பாக்கி. விழுந்த வேகத்தில் அதே கை மாட்டியது. தாக்குப் பிடித்திருப்பேன், சத்தியமாக.

தட்டிவிட்டேன்.

எதிராளிக்கே நம்பிக்கை வரவில்லை, நடுவரைத் திரும்பிப் பார்த்தாள். கோச் நேற்றிலிருந்து பேசுவதில்லை. சாம்பியன் பயந்துவிட்டாள் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். பயந்தது உண்மைதான். அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன், பசிதான் எடுத்தது. இருபது வருடத்தில் முதல் முறையாக எடையைப் பற்றிக் கவலைப்படாமல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பதறாதே. வலது கையால்தான் எழுதுகிறேன். என் கையெழுத்தே இவ்வளவுதான்.

அம்மா