வானுக்குள்ள தண்ணி இறைச்ச இரவு

ஓலைத்தொடுவாய்,
மன்னார்.
29.05.2025

அன்பு மகள் பிறின்சிக்கு,

மாதா உன்னையும் மருமகனையும் பிள்ளையள் ரெண்டு பேரையும் தன்ர போர்வைக்குள்ள வைச்சுக் காக்கவேணும் எண்டு மன்றாடிக்கொண்டு அம்மா எழுதிறன். உங்கட சுகத்தை நீ சொல்லித்தான் நான் அறியவேணும். எங்கட சுகத்தைக் கேட்டால், உயிரோட எழும்பி நடமாடுறம், அது ஆண்டவர் தந்தது, மிச்சத்தை எழுதத்தான் இந்தக் கடிதம். போனில சொல்லலாந்தானே எண்டு நீ நினைப்பாய். போனில கதைக்கேக்க அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அவரை வைச்சுக்கொண்டு அவரைப்பற்றிக் கதைக்க எனக்கு வாய் வராது. அதோட நீ அங்க அழத்தொடங்கினால் நான் சொல்லவந்ததை விட்டிட்டு உன்னைத் தேற்றத் தொடங்கிடுவன், அதுக்கும் இப்ப என்னிட்ட பெலன் இல்லை. பக்கத்து வீட்டு றஞ்சிதாவின்ர மகன் றெனால்ட் லீவு முடிஞ்சு உங்கட நோர்வேக்குத் திரும்பிறான், அவனிட்டத்தான் இதையும் கொஞ்சச் சாமானையும் குடுத்துவிடுறன்.

மோட்டர் ஹோமில போன பயணம் எப்பிடி அம்மா எண்டு நீ கேட்டுக்கொண்டே இருந்தனி. அண்ணன் கொலின்ஸ் அனுப்பின படத்தில அப்பா கடலுக்கு முன்னால கதிரையில இருந்து சிரிக்கிறதைப் பாத்திட்டு, ஆடி மாதம் நீங்களும் பிள்ளையளோட அப்பிடி ஒரு வண்டி எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போய் ஹோட்டல் ஒண்டுமில்லாமல் வெட்டவெளியில படுக்கப்போறியள், முதல்தரம் போறம், எங்களுக்கும் ஏதும் சொல்லித்தாங்கோ எண்டனி. நான் எழுதிறன். ஆனால் அந்தப் படம் ஒரு பின்னேரத்துப் படம் பிள்ளை. மிச்சம் படத்தில இல்லை.

உன்ர அண்ணன் நீர்கொழும்பில ஆரிட்டயோ வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தவன். வெள்ளைக்காரர் சுத்திப் பாக்க எடுக்கிற வான், ஒரு வீட்டை மடிச்சுப் பெட்டிக்குள்ள வைச்ச மாதிரி. குசினி, கேஸ் அடுப்பு, இழுத்தால் கட்டிலாகிற வாங்கு, அலுமாரி மாதிரி ஒரு கதவைத் திறந்தால் அது கக்கூஸ். பின்கட்டிலுக்குக் கீழ தண்ணித் தாங்கி. அவன்ர மனிசி டினோஜா, பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் எண்டு வரேல்ல, அவன் தனிய வந்தவன். அப்பா வானைச் சுத்திச் சுத்தி வந்து கையால தடவிப் பாத்திட்டு, நல்ல மரம் எண்டார். அது தகரம் அப்பா எண்டு கொலின்ஸ் சொன்னான். அவன் அப்ப எல்லாத்தையும் திருத்திக்கொண்டிருந்தான், நான் கொலின்ஸ் அப்பா, இண்டைக்கு வெள்ளிக்கிழமை அப்பா, நீங்கள் இப்ப கடலுக்குப் போறேல்லை அப்பா எண்டு. திருத்தினால் அப்பாவுக்குச் சரிவரும் எண்டு அவனுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் முதல் அப்பிடித்தான் இருந்தது.

சிலாவத்துறைக்கு அங்கால, மறிச்சுக்கட்டிக்குப் போற பக்கம் கடற்கரைக்குப் போவம் எண்டு அவன்தான் சொன்னவன். கலியாணம் முடிச்ச புதிசில அப்பா அந்தப் பக்கம் கரையில வாடி போட்டு மீன்பிடித் தொழில் செய்தவர், பாத்தால் ஞாபகம் வரும் எண்டு நினைச்சான். நாங்கள் வெளிக்கிடவே பிந்திப்போச்சு. மன்னார் ரவுனில பாண் வாங்க நிப்பாட்டினால் வானின்ர நிழலில நாலைஞ்சு கழுதை வந்து சாய்ஞ்சுகொண்டு அசையமாட்டன் எண்டு நிண்டுது, அப்பா அதுகளோட கதைச்சுக்கொண்டு நிண்டார். அங்க போய்ச் சேரேக்க பொழுது சாயுது. இதுதான் மகள் முதல் பாடம், இடம் பாக்கிறதெண்டால் வெளிச்சத்தோட போய்ப் பாக்கவேணும். நாங்கள் அவசரத்தில மரங்கள் உள்ள இடமாய் வடிவாயிருக்கெண்டு வானை விட்டிட்டம். அப்ப ஒருத்தர் சைக்கிளில வந்து இறங்கினார், அபூசாலி எண்டு பேர், மறிச்சுக்கட்டி ஆள், எங்கட வயசுதான் இருக்கும். சலாம் சொல்லிப்போட்டு, அம்மா இதில படுக்காதீங்க, இது ஆனை இறங்குற வழி, கடல் பக்கம் போங்க எண்டார். கொலின்ஸ் போனைக் காட்டி இதில நல்ல இடமெண்டு போட்டிருக்கே எண்டான். அவர் சிரிச்சுக்கொண்டு, ஆனைக்கிட்ட போன் இல்லை தம்பி எண்டார். பேந்து தானே முன்னால சைக்கிளில போய் இடம் காட்டினார். நீங்கள் போற இடத்திலயும் அந்த ஊர் ஆள் ஒருத்தரைக் கேக்காமல் ஒரு இரவும் படுக்காதேங்கோ. அங்க ஆனை இல்லாட்டி வேற ஏதாவது இருக்கும்.

இது சோளகக் காத்து வீசத் தொடங்கின காலம் எண்டு உனக்குத் தெரியும். வானின்ர மூக்கைக் காத்துக்கு நேரே விடுங்க எண்டு அபூசாலி சொல்லிப்போட்டுத்தான் போனவர். கொலின்ஸ் யன்னலால கடல் தெரியவேணும் எண்டு குறுக்கால விட்டான். அந்தப் பின்னேரம் நல்லாய்த்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அபூசாலியின்ர மனிசி சட்டியோட மீன் ஆணம் குடுத்துவிட்டிருந்தா, பாணோட சாப்பிட்டம், அப்பா கதிரையில இருந்து கடலைப் பாத்துக்கொண்டே இருந்தார், அப்பதான் அந்தப் படம் எடுத்தது. ஞாபகம் வருதோ எண்டு கொலின்ஸ் கேட்டான். ஓம் ஓம் எண்டார். ஒண்டும் வரேல்லை எண்டு எனக்குத் தெரியும், ஆரும் கேட்டால் ஓம் எண்டு சொல்லித் தப்பிறது இப்ப அவற்ற பழக்கம்.

இனி நான் எழுதிறதை இருந்து ஆறுதலாய் வாசி. வீட்டில இரவில நான் கட்டிலில படுக்கிறேல்லை. வாசலுக்குக் குறுக்கால பாயைப் போட்டுப் படுக்கிறன், இல்லாட்டி அவர் எழும்பிக் கடலுக்குப் போயிடுவார். கொலின்ஸ் வந்து நிக்கிற நாளில அவன் முன்னறையில கதவைச் சாத்தி, ஃபானைப் போட்டுப் படுப்பான், அவனுக்கு ஒரு சத்தமும் கேக்காது. விடியக் கேப்பான், ஏனம்மா முகம் வீங்கியிருக்கு, பிறஷர் மருந்து எடுக்கிறீங்களோ எண்டு. ஒருக்கால், நீங்கள்தான் அப்பாவைக் குழந்தைப்பிள்ளை மாதிரிப் பழக்கிப்போட்டீங்கள் எண்டும் சொன்னவன். அவனில பிழையில்லை, மூடின கதவுக்கு அங்கால நடக்கிறது ஆருக்குத் தெரியும். அந்த வானுக்குள்ள இடையில மூடுறதுக்கு அறைக்கதவு இல்லை மகள். கையை நீட்டினால் ஆளில முட்டும். அம்மா இண்டைக்காவது நிம்மதியாய்ப் படுங்கோ, கதவு பூட்டியிருக்கு எண்டு அவன் சொல்லிப்போட்டுப் படுத்தான்.

காத்து குறுக்கால அடிக்க வான் ஆடத் தொடங்கீட்டுது. கட்டிலுக்குக் கீழ தாங்கித் தண்ணி களக் களக் எண்டு அடிக்குது. அப்பா எழும்பி இருந்தார். வள்ளத்துக்குள்ள தண்ணி ஏறுது, இறையுங்கோ எண்டு கத்தினார். நான் பிடிக்க முதல் எழும்பிப்போய் இருட்டில தடவி, குசினிக் குழாயைத் திறந்துபோட்டார். பேசினுக்குள்ள தண்ணி விழ விழ, தேத்தண்ணிக் கோப்பையால அள்ளி யன்னலுக்கு வெளியில ஊத்துறார், காத்து அதைத் திருப்பி உள்ளுக்கு அடிக்க, யன்னலடியில படுத்திருந்த கொலின்ஸின்ர முகத்தில விழுது. அவன் துடிச்சு எழும்பி, அப்பா இது வள்ளமில்லை எண்டு கத்தினான். அப்பாவுக்கு இன்னும் பயம் பிடிச்சிட்டுது, கண்ணெல்லாம் தண்ணி, பொடியங்கள் தாழப்போறாங்கள் எண்டு அழுறார். நான் கொலின்ஸை இருத்திப்போட்டு, அப்பாவோட சேர்ந்து ஒரு கோப்பை எடுத்து இறைச்சன். இறைச்சு இறைச்சு, இஞ்சேருங்கோ, வத்தீட்டுது, கரை தெரியுது, படுங்கோ எண்டன். படுத்தார். கொஞ்ச நேரத்தால திரும்பவும் எழும்பினார். பேந்தும். பேந்தும். ஒவ்வொருதரமும் நான் எழும்பி இறைச்சுப்போட்டு வந்து படுத்தன். கொலின்ஸ் வாங்கில காலை மடிச்சுக்கொண்டு இருந்து பாத்துக்கொண்டே இருந்தான்.

விடியிற நேரம் அப்பா அசந்து போனார். தேத்தண்ணி வைப்பம் எண்டு குழாயைத் திறந்தால் காத்துத்தான் வருது, தாங்கி வெறுமை. கொலின்ஸ் வெளியில மணலில நிண்டான். கிட்டப் போனன். ஒவ்வொரு நாளும் இப்பிடியோ அம்மா எண்டு கேட்டான். ஓம் ராசா, நேற்று நீ நிண்டபடியால் அவர் கை ஓங்கேல்ல எண்டன். அதைச் சொல்லக்கூடாது எண்டுதான் இவ்வளவு நாளும் இருந்தனான், களைப்பில வாயால வந்திட்டுது. சில இரவில என்னை ஆரோ கள்ளி எண்டு நினைக்கிறார் மகள். இந்த ஆள் தன்ர நல்ல காலத்தில ஒரு நாள் எனக்குக் கை நீட்டினதில்லை, உங்களுக்கும் அது தெரியும், ஆனபடியால் அவரை வெறுக்கிற எண்ணம் ஒருத்தருக்கும் வரக்கூடாது. டொக்டர் இது மூளையில வாற மறதி வருத்தம் எண்டு தெளிவாய்ச் சொல்லிப்போட்டார். கொலின்ஸ் தண்ணிக்கரை மட்டும் போய்க் குந்திக்கொண்டு இருந்தான். முதுகு குலுங்கினது தெரிஞ்சது. நான் கிட்டப் போகேல்ல, களைப்பில வானின்ர படியிலயே இருந்திட்டன்.

வெயில் வர அப்பா முகம் மலர்ந்து எழும்பி வந்தார், ஒண்டும் நடக்காத மாதிரி. கொலின்ஸைப் பாத்து மரியாதையாய், தம்பி நீங்கள் எந்த ஊர் எண்டு கேட்டார். நான் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன், இப்ப அவன் திருத்தப்போறான் எண்டு. அவன் திருத்தேல்ல. நான் ஓலைத்தொடுவாய் ஐயா எண்டான். அப்பாவுக்குச் சரியான சந்தோசம். அங்கதான் என்ர வீடும் எண்டார். போனால் என்ர மனிசி றோசம்மாவிட்டச் சொல்லுங்கோ, நான் சுகமாய் இருக்கிறன், யோசிக்கவேண்டாம் எண்டு. நான் பக்கத்திலதான் நிண்டனான். கட்டாயம் சொல்லுறன் ஐயா எண்டு சொல்லிப்போட்டு உன்ர அண்ணன் என்னைப் பாத்தான். அந்தப் பார்வையை எனக்கு எழுதத் தெரியாது.

அபூசாலி கானில தண்ணி கொண்டுவந்து தந்தார். இரவு முழுக்க ஆடினதில ஒரு பக்கச் சில்லு மணலில இறங்கியிருந்தது. கொலின்ஸ் நித்திரை இல்லாத எரிச்சலில அக்சிலேற்றரை ஓங்கி மிதிக்க சில்லு இன்னும் கீழ தாண்டது, கடைசியாய் அபூசாலிதான் ஆரையோ கூப்பிட்டு உழவு மெசினால இழுப்பிச்சார். நீங்கள் போகேக்க இளகின தரையில ஏத்தாதேங்கோ, புதைஞ்சால் மிதியாதேங்கோ, காத்துக்குக் குறுக்கால நிப்பாட்டாதேங்கோ, குடிக்கிற தண்ணியைத் தாங்கியில நம்பியிராமல் வேறயாய்ப் போத்திலில வையுங்கோ. கக்கூசுக்குக் கீழ ஒரு பெட்டி இருக்கு, அது நிரம்ப முதல் ஊத்த இடம் பாத்து வை, மருமகன் செய்யட்டும், நீ செய்யாதே. எங்களுக்கு வெளியில படுக்கிறது புதிசில்லைத்தான், மடுமாதா கோயிலுக்குப் போய் மரத்துக்குக் கீழ கிழமைக்கணக்காய்ப் படுத்திருக்கிறம், சண்டைக்குள்ள தரப்பாள் விரிச்சும் படுத்தனாங்கள், ஆனாலும் சில்லில நிக்கிற வீடு வேற விசயம். இதை வாசிச்சுப்போட்டு உங்கட பயணத்தை நிப்பாட்டிப்போடாதே. பிள்ளையள் ஆசையோட இருக்குதுகள், கட்டாயம் போங்கோ.

அண்டைக்கே திரும்பிட்டம். அதிலிருந்து கொலின்ஸ் ஒவ்வொரு வெள்ளியும் வேலை முடிய பஸ் ஏறி வாறான், ஞாயிறு பின்னேரம் போறான். வாசலில பாய் போட்டு இப்ப அவன்தான் படுக்கிறான். டினோஜா முகம் சுழிக்காமல் அனுப்பிறாள், அவளுக்கு ஒருக்கால் போன் எடுத்து நல்ல வார்த்தை சொல்லு. முதல் இரவு நான் கட்டிலில படுத்து, விடிஞ்சு வெயில் முகத்தில படத்தான் எழும்பினன். எழும்பினதும் அவரைக் காணேல்லை எண்டு பதறி ஓடினால், தகப்பனும் மகனும் குசினியில இருந்து பிளேன்ரீ குடிக்கினம். எனக்குச் சந்தோசம் வரேல்ல மகள், உடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி நோ. இவ்வளவு நாளும் களைச்சிருந்தது அப்பதான் உடம்புக்குத் தெரிஞ்சது போல. இடையில உள்ள நாளெல்லாம் பழையபடி நான்தான்.

இப்ப உன்னிட்ட ஒண்டு கேக்கப்போறன், கோவியாதே. நீ எப்பவும் எங்கட மத்தியானத்திலதான் எடுக்கிறனி. அந்த நேரம் அப்பா வடிவாய்த் தலையிழுத்துக்கொண்டு இருப்பார், சுகமாயிருக்கிறன் பிள்ளை எண்டுவார், நீயும் அப்பாவுக்கு ஒண்டுமில்லை எண்டு நினைச்சுக்கொண்டு வைப்பாய். இனி அப்பிடி எடுக்காதே. உன்ர பிள்ளையளைப் படுக்கப்போட்டிட்டு எடு, இஞ்ச அப்ப நடுச்சாமம் தாண்டியிருக்கும், நாங்கள் முழிப்புத்தான். உன்னை ஆரெண்டு கேப்பார், கேட்டால் நெஞ்சை உடைச்சுக்கொள்ளாதே, கடலைப்பற்றிக் கேள், எந்த மீன் எந்தக் காத்துக்கு வரும் எண்டு கேள், விடாமல் சொல்லுவார். நீ அவரோட கதைச்சுக்கொண்டிரு மகள். அந்த நேரத்துக்கு நான் பக்கத்திலயே கொஞ்சம் கண்ணை மூடுறன்.

மிளகாய்த்தூளை வந்தவுடன போத்திலில போட்டு இறுக்கி மூடு, கருவாட்டைக் குளிர்ப்பெட்டியில வை. பயணம் போகேக்க சின்னவளுக்குக் காதை மூடித் தொப்பி போடு. செபமாலையை மறந்திடாதே. ஆண்டவர் உங்கட போக்குவரத்தையும் படுக்கையையும் ஆசீர்வதிப்பாராக.

எண்டும் உன்ர நினைவோட இருக்கிற,
அம்மா
அ. றோசம்மா