மலையில் பனி விழுந்த வருஷம்

20 ஜூன் 1957
இந்த மாதம் என் நிக்காஹ் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. மாப்பிள்ளை அலாவுதீனுக்கு மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை ஃபாக்டரியில் வேலை. அங்கிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றி மட்டாஞ்சேரிக்கு லாரி ஓட்டிவரும் பரீத் மாமுதான் சேதி சொன்னார். மழையில் பறிக்கிற கொழுந்தில் தண்ணீர் அதிகமாம். லேசில் வாடாதாம். வாடாததை அரைத்தால் சாயாவில் நிறமும் இருக்காது, மணமும் இருக்காது. ராப்பகலாக ஆள் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். லீவு இல்லை.

எடுத்துவைத்த புடவையை அம்மா மறுபடி பெட்டியில் வைத்தாள்.

4 அக்டோபர்
மழை விட்டது. வெயில் கண்டதும் கொழுந்து குவிகிறதாம். இப்போதும் லீவு இல்லை. மழையிலும் இல்லை, வெயிலிலும் இல்லை — பிறகு எப்போது?

15 டிசம்பர்
அவர் கொடுத்தனுப்பிய தேயிலைப் பொட்டலத்தை மாமு தந்தார். குளிரில் கொழுந்து மெதுவாகத்தான் வளருமாம். வருவது கொஞ்சம், ஆனால் வருஷத்திலேயே மணமுள்ளது இதுதானாம். சாயா போட்டேன். அத்தா இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "ஜனவரி கடைசியில லீவு கெடைக்குமாம், நிக்காஹ் வச்சுக்கலாம்" என்றார்.

சந்தோஷப்படவே பயமாக இருக்கிறது.

11 ஜனவரி 1958
மலையில் உறைபனி. விடியும்போது தோட்டம் வெள்ளையாகக் கிடந்ததாம். வெயில் பட்டதும் கருகிவிட்டதாம். சொல்லும்போது மாமு என் முகத்தைப் பார்க்கவில்லை.

27 ஜனவரி
வந்தார். கதவுக்குப் பின்னால் நின்று முதல் தடவையாக மாப்பிள்ளையின் குரலைக் கேட்டேன். கருகிய செடிகளை வெட்டிவிட்டார்களாம். துளிர்க்க மாசக்கணக்கில் ஆகுமாம். ஃபாக்டரியில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள், அவரையும்.

"மழை வந்தா திரும்ப எடுப்பாங்க மாமா. அதுவரைக்கும் கொஞ்சம் பொறுக்கணும்."

"மழையெ நம்பி மோளெ வீட்ல இருத்த முடியாது" என்றார் அத்தா. "நீங்க வேற பாருங்க."

அவர் செருப்பு மாட்டிக்கிட்டுப் போற சத்தம்தான் கேட்டுச்சு. நான் ஏன் வெளிய வரல? ஆறு மாசம்தானே அத்தா — இதச் சொல்லக்கூட வாய் வரலையே எனக்கு.

3 பிப்ரவரி
சாப்பிடவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

9 மே
நேற்று நிக்காஹ். பள்ளுருத்தியில் கயிற்றுக்கடை வைத்திருக்கும் மொய்து. முதல் மனைவி இறந்து இரண்டு வருஷமாகிறது. நல்ல மனிதர் என்கிறார்கள். இருக்கலாம்.

13 ஜூலை
அத்தா என்னைப் பார்க்க வந்தார். மலையில் நல்ல மழையாம். வெட்டிய செடியெல்லாம் துளிர்த்துவிட்டதாம். நிறுத்தியவர்களை ஃபாக்டரியில் திரும்ப எடுத்துக்கொண்டார்களாம். பரீத் மாமு சொன்னாராம். அத்தா யார் பெயரையும் சொல்லவில்லை.

"அன்னிக்கு நான் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்துவிட்டார். அத்தா பேச்சை மாற்றி, இந்தத் தெருவில் மழைக்குத் தண்ணீர் தேங்குமா என்று என்னிடம் கேட்டார்.

தேங்கும் என்றேன்.